மொழியைக் கட்டணமாகக் கேட்கும் பல்கலைக்கழகம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரான்ஸ் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1665இல் பதினான்காம் லூயியின் காலத்தில் கண்ணாடி செய்யத் தொடங்கிய செயின்ட் கோபைன், 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே கண்ணாடி வார்த்துக்கொண்டிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 2010 மார்ச்சில், ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. 2025இல் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனால்ட் வாங்கிக்கொள்ள, அந்த ஆலை முழுவதுமாகப் பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனாலும் கொரியர்கள் வந்த தடம் இந்தச் சாலைகளில் கண்ணுக்குத் தெரிவதுபோலப் பிரெஞ்சுக்காரர்கள் வந்த தடம் தெரிவதில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபின் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் வந்தன, கொரிய உணவகங்களும் விடுதிகளும் வந்தன. பிரெஞ்சு ஆலைகளிலோ அலுவலகப் பேச்சு ஆங்கிலம், லைனில் பேச்சு தமிழ், இப்போது இந்தியும். பிரெஞ்சு மூலதனம் வந்ததே தவிர பிரெஞ்சு மொழி வரவில்லை. பிரெஞ்சுக் கம்பெனி என்றால் ஆங்கிலம் போதும் என்பதைத் தினமும் பார்த்து வளரும் இப்பகுதிப் பிள்ளைக்கு, பிரான்ஸில் படிக்கவும் ஆங்கிலம் போதும் என்று தோன்றுவது இயல்புதான். அங்கே போய்ப் படிக்கும் நம் மாணவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு நினைப்பிலிருந்து கிளைத்தது என்பது என் கருத்து. இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியைத் தொடாமலே பிரான்ஸில் படித்துத் திரும்புவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ஷிப்ட் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு அந்த நாட்டில் கட்டுப்படியாகக்கூடிய படிப்பு பிரெஞ்சு மொழியில்தான் இருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். பிரான்ஸில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் நம்பக் கடினமான அளவுக்குக் குறைவு. 2019இல் அந்நாட்டு மாணவர் இளங்கலைக்கு ஆண்டுக்கு 170 யூரோவும் முதுகலைக்கு 243 யூரோவும் கட்டினார். 2018 நவம்பரில் பிரதமர் எதுவார் பிலிப், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இதை முறையே 2,770, 3,770 யூரோவாக உயர்த்தப்போவதாக அறிவித்தபோது அங்குள்ள மாணவர் சங்கங்கள் தெருவில் இறங்கின. வழக்கு அரசியல் சாசன மன்றம் வரை போனது. பொதுக் கல்வி இலவசம் என்ற கோட்பாடு உயர்கல்விக்கும் பொருந்தும், மிதமான கட்டணம் மட்டும் வாங்கலாம் என்று அது 2019 அக்டோபரில் சொன்னது. மறு ஆண்டு ஜூலையில் உச்ச நிர்வாக நீதிமன்றம் உயர்த்திய கட்டணத்தையும் மிதமானது என்றே ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தமக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி வெளிநாட்டு மாணவர்களுக்கு விலக்கு கொடுத்துவந்தன என்பதையும், உயர்த்திய தொகையே கூட ஆண்டுக்குச் சுமார் மூன்று, நான்கு லட்சம் ரூபாய்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னைப் புறநகரில் கணினிப் பொறியியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கும் குடும்பத்துக்கு இது அந்நியமான தொகை அல்ல. விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு மாதம் 615 யூரோ, அதாவது ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய்க்கும் மேல். மாணவராக இருந்துகொண்டே ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. கூட்டிப் பார்த்தால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவற்றில் எதற்குப் போனாலும் ஆகும் செலவில் இது ஒரு பகுதிதான்.

இவ்வளவு மலிவான படிப்பு இருப்பது நம் ஊரில் ஏன் அதிகம் பேசப்படுவதில்லை? வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நம் குடும்பங்களுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் கன்சல்டன்சிக்காரர்கள். அவர்களுக்கு வருமானம் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி தரும் கமிஷன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. தனியார் வணிக மேலாண்மைப் பள்ளிகள் தருகின்றன. அப்பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே பாடம் உண்டு, கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்குப் போகிறவர்களில் பெரும்பங்கு இந்த வணிகப் பள்ளிகளுக்கே போகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களிலும் ஆங்கில வழி முதுகலை உண்டு, சில துறைகளில் தரமாகவும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மொத்தத்தில் பார்த்தால் ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமானால் அதிகப் பணம், பிரெஞ்சில் படிக்க முடிந்தால் குறைந்த பணம் என்ற கோடு தெளிவாகத் தெரிகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் இளங்கலையில் சேர வழக்கமாகக் கேட்கப்படும் பிரெஞ்சுத் தேர்ச்சி, ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2 நிலை. மொழி சற்றும் தெரியாதவர் அதை எட்ட ஏறக்குறைய 600 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஓராண்டு. அந்த ஓராண்டு உழைப்பு பல லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஈடாகிறது. எஜுகேஷன் லோனுக்கு அடமானம் வைக்க நிலமோ வீடோ இல்லாத குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது.

மொழி கட்டணத்தோடு நின்றுவிடுவதில்லை. பிரெஞ்சுப் பல்கலைக்கழக வகுப்பு இரண்டு விதமாக நடக்கும். பெரிய அரங்கில் பேராசிரியர் ஆற்றும் உரை ஒன்று. இருபது முப்பது பேர் அமர்ந்து கணக்கையும் கட்டுரையையும் வாய்விட்டு விவாதிக்கும் சிறுவகுப்பு மற்றொன்று. அதை அங்கே தேதே என்பார்கள். மாணவரை ஆசிரியர் அடையாளம் காண்பதும் மாணவருக்குத் தோழர்கள் கிடைப்பதும் தேதேயில்தான். மதிப்பெண் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி, பன்னிரண்டு பரவாயில்லை, பதினான்கு நல்லது, பதினாறு மிக நல்லது. இருபதுக்கு இருபது அபூர்வம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுத்துப் பழகிய நம் பிள்ளை முதல் பருவத்தில் பதினொன்று வாங்கியதும் தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறது. அந்தப் பதினொன்றின் பொருளை விளக்க, ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருக்கும் குறிப்பு இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் இருக்கிறார். விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பேச ஆசிரியரே இருக்கிறார். மூன்றும் பிரெஞ்சில் இருக்கின்றன. மொழி தெரிந்தவருக்கு அந்த எண் ஒரு விமர்சனமாகப் புரிகிறது, தெரியாதவருக்கு அது வெறும் தண்டனை. நம் மாணவர்கள் ஒரே அறைக்குள் நான்கைந்து இந்தியர்களாகச் சேர்ந்து வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்ற குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு அவர்களுடைய சுபாவத்தைக் காரணம் காட்டுவது அநியாயம். ஆங்கில வழி வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் வெளிநாட்டவர்களே. உள்ளூர்ப் பிள்ளைகளைச் சந்திக்கும் இடத்திலேயே அவர்கள் சேர்க்கப்படவில்லை.

பிரெஞ்சு அரசு இந்த விஷயத்தில் தன் நிலையை ஒளித்துவைத்ததில்லை. 1994 ஆகஸ்டில் வந்த தூபோன் சட்டம் கல்விக்கும் வேலைக்கும் பொது அறிவிப்புக்கும் பிரெஞ்சு மொழியைக் கட்டாயமாக்கியது. 2013இல் உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கில வழிப் பாடங்களுக்கு ஓரளவு வழிவிடப்பட்டபோது மொழியறிஞர்களும் எழுத்தாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். வகுப்பறையில் கதவு சற்றுத் திறந்தது, தொழிற்சாலையில் திறக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மருத்துவக் கருவிப் பிரிவு தன் பிரெஞ்சு ஊழியர்களுக்கு ஆவணங்களை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக, 2006இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5,80,000 யூரோ கட்ட வைத்தது. வேலை தொடர்பான ஆவணம் தன் மொழியில் கிடைப்பது தொழிலாளியின் உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. இது மிக நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஒரகடத்தில் இயந்திரக் கையேடு தமிழில் கிடைக்காத தொழிலாளிக்கு இதன் அருமை புரியும். ஆனால் அங்கே பயிற்சிக்குப் போகும் நம் பொறியியல் மாணவருக்கு இதன் விளைவு வேறு. பாதுகாப்பு விதிகள் பிரெஞ்சில், வேலைத்தாள் பிரெஞ்சில், மேற்பார்வையாளர் பேச்சு பிரெஞ்சில்.

இந்தப் பயிற்சிதான் பிரெஞ்சுப் படிப்பின் முதுகெலும்பு. ஸ்டாஜ் எனப்படும் நிறுவனப் பயிற்சி இல்லாமல் தொழில் சார்ந்த முதுகலை முடிவதில்லை. கல்லூரி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பேரில் நான்கு மாதம், ஆறு மாதம் அது நடக்கும். இரண்டு மாதத்தைத் தாண்டினால் நிறுவனம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இதற்கும் மேலே அல்தெர்னான்ஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாணவர் சில வாரம் கல்லூரியிலும் சில வாரம் கம்பெனியிலும் மாறி மாறி இருப்பார். படிப்புக் கட்டணம் அவர் கையிலிருந்து போகாது. வயதையும் படிப்பாண்டையும் பொறுத்துக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு விகிதம் சம்பளமாக வரும். வெளிநாட்டு மாணவர் பொதுவாக முதல் ஆண்டைக் கழித்தபின் இதில் நுழையலாம். படிப்புக்குச் செலவழிப்பதற்குப் பதிலாகப் படித்துக்கொண்டே சம்பாதிக்கும் நிலை இது. நம் தொழிற்பேட்டையில் டிரெய்னி என்ற பெயரில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் லைனில் நின்று முழு வேலை செய்கிறார்கள். அந்தப் பயிற்சியின் முடிவில் பெரும்பாலும் ஒரு சான்றிதழும் வெளியேறும் தேதியும்தான் மிஞ்சுகின்றன. மேல்படிப்பு கிடைப்பதில்லை. தொழிற்சாலை வேலையைப் பட்டப்படிப்போடு சட்டப்படி கட்டிவைத்திருக்கும் ஒரு நாட்டின் கம்பெனிகள் நம் வாசலிலேயே இருக்கும்போது, அந்த நாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள மிகத் தேவையுள்ளவர்கள் இந்த டிரெய்னிகள்தான். ஆனால் அல்தெர்னான்ஸ் ஒப்பந்தம் கொடுக்கும் நடுத்தர, சிறு கம்பெனி பிரெஞ்சு பேசாதவரை எடுப்பது அரிது. படிப்பு முடிந்தபின் இந்திய மாணவர் இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம் என்று 2018இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த இரண்டாண்டும் மொழி உள்ளவருக்கே முழுதாகப் பயன்படுகிறது.

நம் பள்ளிகளில் பிரெஞ்சு இல்லாமலில்லை. பிளஸ் ஒன் சேரும்போது தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை எடுப்பது நகர்ப்புறத் தனியார் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். பாடம் சுலபம், மதிப்பெண் அள்ளலாம் என்பதே காரணம். வினைச்சொல்லின் வடிவங்களை மனப்பாடம் செய்து, ஆங்கில விளக்கத்தின் துணையோடு குறிப்பிட்ட பத்திகளைப் படித்து, எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் போதும். பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேராது என்று தெரிந்தும், மொத்தம் நன்றாகத் தெரிய வேண்டும், மற்ற பாடங்களுக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அதை எடுக்கிறார்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதும் வாயால் பேசுவதும் அந்தப் படிப்பில் பெயரளவுக்குத்தான். இரண்டாண்டு படித்த மொழி, தேர்வு முடிந்த மறுநாள் கைவிடப்படுகிறது. மறுபுறம், பிரெஞ்சு தெரிந்தால் குறைந்த செலவில் உலகத்தரமான பல்கலைக்கழகத்தில் நுழையக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த மொழியைப் பார்க்கவே வாய்ப்பில்லை. இந்த நிலையில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம். ஒரு மொழியைத் தமிழை விட்டு ஓட வழியாக ஆக்கி, அதையும் கற்றுத்தராமல் விட்டிருக்கிறோம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் சில வலுவானவை. உலக வேலை ஆங்கிலத்தில் நடக்கிறது, ரெனால்ட் போன்ற நிறுவனத்தின் மேல்மட்டமே ஆங்கிலத்தில் பேசுகிறது, பிறகு எதற்கு ஓராண்டை வீணாக்குவது என்று கேட்கலாம். மேல்மட்டம் பேசுவது உண்மை. இருபத்திரண்டு வயதில் பயிற்சிக்கு நுழைபவர் மேல்மட்டத்தில் நுழைவதில்லை. உணவு இடைவேளையில் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிச் சாப்பிடும் வழக்கமுள்ள நாட்டில், வேலையின் நுணுக்கங்களும் அடுத்த காலியிடச் செய்தியும் அந்த மேசையில்தான் பரிமாறப்படுகின்றன. கைப்பேசி மொழிபெயர்த்துவிடும் என்பது இப்போதைய வாதம். அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படிக்க அது உதவும். வசிப்பு அனுமதி, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு என்று காகிதத்தால் ஆன அந்த நாட்டு நிர்வாகத்தைச் சமாளிக்க அது பெரிய துணைதான். தேதேயில் எதிர்க்கேள்வி கேட்க அது உதவாது. ஜெர்மனியைக் காட்டி, அங்கே இன்னும் மலிவாயிற்றே என்பவர்களுக்கு நான் உடன்படுவேன். டைம்லர் ஆலையும் இதே ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் படிக்க வேண்டும் என்பதை நர்சிங் படித்த பெண்கள் உட்பட நம் மக்கள் ஏற்றுக்கொண்டு உழைத்துப் படிக்கிறார்கள். அந்தத் தெளிவு பிரான்ஸ் விஷயத்திலும் வர வேண்டும் என்பதே என் வாதம்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மொழி படித்தாலும் நிறமும் பெயரும் மாறாது, பிரெஞ்சுச் சமூகம் தன் கதவை அவ்வளவு எளிதில் திறக்காது என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. வீடு தேடும்போதும் வேலை தேடும்போதும் அதை அனுபவிப்பவர்கள் உண்டு. ஆனால் பாரீஸின் லா சப்பல் பகுதியைச் சுற்றி வாழும் ஈழத்தமிழர்களின் வரலாற்றை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். எண்பதுகளில் தொடங்கி அகதிகளாகப் போனவர்கள், கையில் பட்டமோ பணமோ இல்லாமல், உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் நின்றபடி காதுவழியாகப் பிரெஞ்சு கற்றார்கள். அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்து அதே அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் போனார்கள். பாகுபாடு நீங்கிவிடவில்லை, அதை எதிர்த்துப் பேசும் நா அவர்களுக்குக் கிடைத்தது. நம்மிடமிருந்து வங்கிக் கடனோடு போகும் முதுகலை மாணவருக்கு அந்த நா இல்லாமல் போவதை நாமே ஏற்பாடு செய்து அனுப்புகிறோம்.

தமிழ் வழியில் படித்தவருக்குப் பிரெஞ்சு எட்டாது என்பவர்கள் பாண்டிச்சேரியை மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் துணையில்லாமல் தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் போன தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. மூசே, துய்ப்புய் என்ற இரு பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855லேயே அங்கு அச்சாகத் தொடங்கியது. 1962 ஆகஸ்ட் 16இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் எளிய சிப்பாய்க் குடும்பங்களும் இருந்தன. ஒரகடத்திலிருந்து கிழக்கே போனால் கடற்கரைச் சாலை, தெற்கே திரும்பினால் மூன்று மணி நேரத்தில் அந்த ஊர். தமிழ் வழியாகவே பிரெஞ்சு கற்பிக்கும் பாடநூலை இன்று புதிதாக எழுதத் தேவையான புலமை அங்கே இன்னும் இருக்கிறது.

2030க்குள் முப்பதாயிரம் இந்திய மாணவர்களை வரவேற்கப்போவதாகப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2024 ஜனவரி 26 அன்று அறிவித்தார். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு முதலில் மொழி கற்றுத்தரும் சர்வதேச வகுப்புகள் திறக்கப்படும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. மொழி தேவையில்லை என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டை அங்கே போய் யூரோவில் செலவழித்துப் படிப்பதைவிட, ஸ்ரீபெரும்புதூரிலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாலை வகுப்பில் படிக்க முடிய வேண்டும். 1953 முதல் இயங்கும் சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. ஷிப்ட் முடித்துவிட்டு அங்கே போய்வருவது நடக்கிற காரியமல்ல. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்ட பிரெஞ்சு நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. அரசு பாலிடெக்னிக்குகளும் ஐடிஐகளும் இருக்கின்றன. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை கொடுக்கும் மாநில அரசு இருக்கிறது. இந்த மூவரும் சேர்ந்தால் பி2 வரை இலவசமாகக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம், தொடங்க வேண்டும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கன்சல்டன்சியில் முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரி அரசுப் பல்கலைக்கழகமா, அதே பாடம் பிரெஞ்சில் என்ன கட்டணத்துக்குக் கிடைக்கிறது, ஸ்டாஜ் எந்த மொழியில் நடக்கும் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.